ஐந்தரையில் இரண்டு போக

மோட்டார்ஹோம் என்ற வண்டியை நான் இன்றுவரை நேரில் பார்த்ததில்லை. படத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். எந்த மாடலில் கட்டில் எந்தப் பக்கம் மடியும், தண்ணீர்த் தொட்டி எத்தனை லிட்டர் பிடிக்கும், பின் டயரில் எவ்வளவு காற்று இருக்க வேண்டும், எல்லாம் தலைகீழாகச் சொல்வேன். காஞ்சிபுரத்தில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு, ஐரோப்பாவில் மோட்டார்ஹோமை வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறவர்கள் சாட்டில் கேட்கிற கேள்விகளுக்குப் பதில் எழுதுவதுதான் என் வேலை.

வேலையில் சேர்ந்த அன்று அம்மாவுக்கு விளக்கிச் சொன்னேன். வீடு மாதிரியே ஒரு வண்டி. கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கும். எங்கே பிடிக்கிறதோ அங்கே நிறுத்திக்கொண்டு தூங்கலாம்.

"கக்கூஸ் உள்ளயேவா? சமைக்கிற எடத்துலயா?" என்று முகத்தைச் சுளித்தார் அம்மா. அதற்கு மேல் அந்த வண்டியைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

வருகிற கேள்விகளில் மூன்றில் ஒன்றாவது டயர் காற்றைப் பற்றித்தான் இருக்கும். காரணம் சுலபம். வாடகைக்கு எடுப்பவர் ஒரு நாட்டுக்காரர், வண்டி இன்னொரு நாட்டுடையது, அன்றைக்கு அவர் நிற்கிற பெட்ரோல் பங்க் மூன்றாவது நாட்டில் இருக்கும். கதவோரத்து ஸ்டிக்கரில் காற்றின் அளவு 'பார்' கணக்கில் அச்சிட்டிருக்கும். அவர் ஊரிலிருந்து கொண்டுவந்த, காற்று அளக்கிற கையடக்க கேஜில் பிஎஸ்ஐ மட்டும்தான் இருக்கும். பங்க் மெஷினில் கிலோபாஸ்கல் ஓடும். ஸ்டிக்கரில் 5.5 என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, தன் கேஜில் ஐந்தரைக்குக் கோடே இல்லையே என்று கேட்பவர்களும் உண்டு. எண்பது பிஎஸ்ஐ என்று சொன்னால் பயந்துபோய், என் கார் டயருக்கு முப்பத்திரண்டுதானே, இது வெடித்துவிடாதா என்று கேட்பவர்கள் இன்னும் அதிகம்.

கம்பெனி எங்களுக்கு ஒரு அட்டவணை கொடுத்திருந்தது. நான் அதைத் திறப்பதே இல்லை. ஒரு பார் என்பது பதினாலரை பிஎஸ்ஐ. ஆகவே பார் எண்ணைப் பதினைந்தால் பெருக்கி, அந்த பார் எண்ணில் பாதியைக் கழித்தால் போதும். ஐந்தரைப் பதினைந்து எண்பத்திரண்டரை. அதில் இரண்டே முக்கால் போனால் எண்பதுக்குக் கால் குறைவு. எண்பது என்று எழுதிவிடலாம். கிலோபாஸ்கல் இன்னும் சுலபம், நூறால் பெருக்கினால் முடிந்தது. கேள்வியை வாசித்து முடிக்கும்போதே என் விரல் பதிலில் இருக்கும். எங்கள் குழுவிலேயே வேகமாகப் பதில் எழுதுகிறவள் என்று மூன்று மாதம் தொடர்ந்து பட்டியலில் முதலில் வந்தேன். அது எனக்குப் பெரிய பெருமையாக இருந்தது. இன்ஜினியரிங் முடித்து இரண்டு வருஷம் வேலை தேடி அலைந்தவளுக்கு, எதிலாவது முதலில் வந்தால் பெருமையாகத்தானே இருக்கும்?

எங்கள் ஊரில் அளவுகளுக்குப் பஞ்சமே இல்லை. அம்மா வேலை பார்க்கிற புடவைக் கடையில் பட்டு நூலைக் கிராமில் சொல்வார்கள், ஜரிகையை மார்க் என்ற தனி எடையில் சொல்வார்கள். கடை வாசலில் பூ முழத்தில் போகும். அப்பாவின் சொந்த ஊர் தாமல் பக்கம். மழை முடிந்தால் ஏரியில் எத்தனை அடி என்றுதான் முதலில் விசாரிப்பார். யாரும் குழம்பியதில்லை. ஒன்றை இன்னொன்றாக மாற்றிச் சொல்லும்படி யாரும் யாரையும் கேட்பதில்லையே.

மதியம் ஒரு மணிக்கு ஷிப்ட் ஆரம்பிக்கும். அதற்குள் வீடு காலியாகிவிடும். அப்பா காலை ஐந்தரைக்கே ஒரகடம் போகிற கம்பெனி பஸ்ஸில் ஏறிவிடுவார், ஓவர்டைம் முடித்து வர இரவு பத்தாகும். அம்மா ஒன்பது மணிக்குப் பட்டுக் கடைக்குப் போனால், கடைசி வாடிக்கையாளர் பிரித்துப் போட்ட புடவையை மடித்து வைத்துவிட்டு வர இரவு ஒன்பதாகும். கூடப் படித்தவர்கள் பெங்களூரிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் இரவு எட்டு மணிக்குத்தான் நிற்கும். அது நிற்கும்போதுதான் நான் அதுவரை யாரிடமும் ஒரு வார்த்தை வாய் திறந்து பேசவில்லை என்று ஞாபகம் வரும். விரலால் மட்டும் நாற்பது பேரிடம் பேசியிருப்பேன். அதுவும் என் பெயரில் இல்லை. கம்பெனி எனக்கு ஒரு வெள்ளைக்காரப் பெயர் கொடுத்திருந்தது. நாங்கள் எந்த ஊரில் இருக்கிறோம் என்று வாடிக்கையாளரிடம் சொல்லக்கூடாது என்பது விதி.

அந்த நாற்பது பேரில் ஒருவர்தான் திரும்பத் திரும்ப வந்தார். கனடாக்காரர். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் என்று இரண்டாவது சாட்டில் அவரே சொன்னார். தனியாகப் பிரான்ஸிலிருந்து கிளம்பி ஸ்பெயின் முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தார். மனசுக்குள் அவருக்கு நான் வைத்த பெயர் பஸ்காரர்.

முதல் முறை பார் எண்ணை பிஎஸ்ஐ ஆக்கிச் சொன்னேன். அடுத்த முறை கிலோபாஸ்கல். பிறகு ஒருநாள், தண்ணீர்த் தொட்டி நிறைந்திருந்தால் பின் டயருக்குக் காற்று கூட்ட வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம், ஸ்டிக்கரில் இருப்பது முழு எடைக்கானது என்று எழுதினேன். கேள்வி முடிந்ததும் அவர் உடனே போய்விடமாட்டார். இன்று சூரியகாந்தி வயலுக்குப் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறேன், எல்லாப் பூவும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது என்பார். இந்த ஊரில் மதியம் இரண்டு மணியானால் ஒரு கடைகூடத் திறந்திருப்பதில்லை, ரொட்டி வாங்க ஐந்து மணிவரை உட்கார்ந்திருக்கிறேன் என்பார். ஒருநாள், நீ இருக்கிற இடத்தில் வெயில் எப்படி என்று கேட்டார். அப்படி என்னிடம் கேட்ட ஒரே வாடிக்கையாளர் அவர்தான். விதியை நினைத்துக்கொண்டு, 'கொளுத்துகிறது' என்று மட்டும் எழுதினேன். 'அப்படியானால் உனக்கும் எனக்கும் ஒரே நிலைமை' என்று பதில் வந்தது.

சாட் மூடியதும் மேப்பைத் திறந்து அவர் சொன்ன ஊரைத் தேடுவேன். அங்கிருந்து நாளை எந்தச் சாலையில் போவார், எங்கே மலை ஏறும், எங்கே கடல் தெரியும் என்று விரலால் நகர்த்திக்கொண்டே போவேன். பக்கத்தில் இருக்கிற மாகறல் கோயிலுக்குப் போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. ஸ்பெயினின் தென்கோடியில் எந்த வளைவுக்கு அப்புறம் பெட்ரோல் பங்க் வரும் என்பது எனக்குத் தெரியும்.

அது ஜூன் மாதம். கத்திரி முடிந்தும் வெயில் விடவில்லை. ஷிப்டுக்கு முன்னால் ஸ்கூட்டருக்குக் காற்று பிடிக்கத் தெருமுனை பஞ்சர் கடைக்குப் போனேன். கடைக்காரர் முப்பது வயசு பாய். அவருடைய தாத்தா காலத்தில் அது குதிரை லாடக் கடையாம். வாய் சும்மா இருக்காது.

"இன்னாமா, வெளிநாட்டு வண்டிக்கெல்லாம் காத்து புடிக்கிற. சொந்த வண்டிய இப்டியா போட்டு வெப்ப? ரிம்மு தரையத் தொடுது பாரு."

"நேரம் இல்ல பாய்."

"நாள் முச்சூடும் ஊட்லயே குந்திக்கினு இருக்குற, நேரம் இல்லன்ற." குனிந்து பின் டயரில் குழாயை மாட்டினார். "வெயிலு ஜாஸ்தியா இருக்குது. ரெண்டு கம்மியாவே வெக்கிறேன். ரோட்ல ஓடனா தானா ஊதிக்கும்."

எங்கள் ஊரில் இது பழக்கம். வெயில் காலம் வந்தால் இருபத்தொன்பது பிடிக்க வேண்டிய இடத்தில் இருபத்தேழு பிடிப்பார்கள். கேட்காமலே செய்வார்கள், செய்யாவிட்டால் நாமே கேட்போம். 'ரெண்டு கம்மி' என்பது சின்ன வயசிலிருந்து காதில் விழுந்து பழகிய சொல். அது சரியா தப்பா என்று நான் யோசித்ததே கிடையாது.

வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தேன். மூன்றரை மணி இருக்கும், பஸ்காரர் வந்தார். ஸ்பெயினில் அப்போது நடுப்பகல். ஒரு பெட்ரோல் பங்க்கில் நிற்பதாகவும், அன்றைக்கு மலையைத் தாண்டிக் கடற்கரைக்கு இறங்கப் போவதாகவும் எழுதினார். பிறகு கேள்வி: 'பின் டயருக்கு ஐந்தரை பார் என்று இருக்கிறது. இங்கே முப்பத்தெட்டு டிகிரி. கொஞ்சம் காற்றை இறக்கிவிடட்டுமா?'

அந்த நேரத்தில் என் திரையில் இன்னும் இரண்டு சாட் திறந்திருந்தன. ஒருவருக்கு கேஸ் அடுப்பு எரியவில்லை. இன்னொருவருக்கு வண்டியின் சாவி வண்டிக்குள்ளேயே இருந்தது. கரண்ட் போய்விட்டதால் ஃபேன் ஓடவில்லை, கழுத்தில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது. முப்பத்தெட்டு டிகிரி என்று படித்தவுடன் என் விரல் தானாகவே எழுதிவிட்டது: 'ஆமாம், இந்த வெயிலுக்கு 3.5 போதும்.'

அவர் 'நன்றி' என்று எழுதினார். சாட் மூடியது. ஐந்து நட்சத்திரம் விழுந்தது. நான் சாவிக்காரரிடம் போனேன்.

ஐந்து மணிக்கு அரை மணி நேரம் இடைவேளை. ஸ்கூட்டரை எடுக்கலாம் என்று கீழே போனால் பின் டயர் மறுபடி இறங்கியிருந்தது. தள்ளிக்கொண்டே பஞ்சர் கடைக்குப் போனேன். அங்கே ஒரு மினி வேன் நின்றுகொண்டிருந்தது, பின்னால் முழுக்கத் தண்ணீர்க் கேன். டிரைவர் வண்டியிலிருந்து இறங்காமலே ஜன்னல் வழியாகச் சொன்னான்.

"பாய், வெயிலு மண்டைய பொளக்குது. ரெண்டு கம்மியா புடி."

பாய் குழாயை அப்படியே கீழே போட்டார். "இறங்குடா கீழ. பின்னாடி இன்னா ஏத்திக்கினு வந்துக்கீற?"

"கேனு."

"எத்தினி கேனு?"

"அறுவது இருக்கும்."

"அறுவது கேன வெச்சிக்கினு காத்தக் கொறன்றியே, மூளை கீதா? ஸ்கூட்டிக்கு ரெண்டு கொறச்சா ஒண்ணியும் ஆவாது. லோடு வண்டிக்குக் கொறச்சா டயரு பக்கவாட்ல மடிஞ்சி மடிஞ்சி சூடேறும். வாலாஜாபாத் தாண்ட மாட்ட, பட்டுனு பூடும். ஒம் பொண்டாட்டிக்கு நான் பதில் சொல்லிக்கினு இருக்கணும்."

டிரைவர் சிரித்தான். "சரி, போடு போடு. இதுக்குப் போயி பொண்டாட்டிய இழுக்கற."

நான் சிரிக்கவில்லை. ஸ்கூட்டரைப் பிடித்தபடி நின்றிருந்தேன். ரெண்டு கம்மி. ஐந்தரையில் இரண்டு போக மூன்றரை. பாய் குறைப்பது இரண்டு பிஎஸ்ஐ. நான் குறைத்தது இரண்டு பார். மூன்றரையைப் பதினைந்தால் பெருக்கினேன், மூன்றரையில் பாதியைக் கழித்தேன். ஐம்பத்தொன்று. எண்பது இருக்க வேண்டிய இடத்தில் ஐம்பத்தொன்று.

"பாய்," என்றேன். "எம்பது புடிக்க வேண்டிய வண்டி. அம்பத்தொண்ணுதான் இருக்குதுன்னா?"

"எத்தினி டன்னு?"

"மூணரை."

"காலியா?"

"இல்ல. கட்டிலு, அடுப்பு, தண்ணி டேங்க்கு, எல்லாம் இருக்கும். மலை எறங்குது."

பாய் என்னைப் பார்த்தார். முகத்தில் இருந்த கிண்டல் போய்விட்டது. "யார் ஓட்றது?"

"ஒரு வயசானவரு. பஸ் டிரைவரா இருந்தவரு."

"பஸ்ஸு ஓட்டனவருக்கு நீ காத்து சொல்லிக் குடுத்தியா?" என்று கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் குரலை இறக்கினார். "போன் போடுமா. நின்னுக்கினு இருக்காத. ஓரங்கட்டி நிறுத்தச் சொல்லு. வண்டிய இங்கயே உட்டுட்டு ஓடு."

ஓடினேன். ஆனால் போன் போட என்னிடம் எண் இல்லை. சாட் பிரிவில் இருப்பவர்களுக்கு வாடிக்கையாளரின் எண் தெரியாது. திரையில் கடைசி இரண்டு இலக்கம் மட்டும் தெரியும், மீதியெல்லாம் நட்சத்திரக் குறி. மூடிய சாட்டில் எங்கள் பக்கத்திலிருந்து மறுபடி எழுதவும் முடியாது. ஒரு மின்னஞ்சல் அனுப்ப மட்டும் வழி உண்டு.

அனுப்பினேன். 'முன்பு சொன்ன அளவில் ஒரு சிறிய திருத்தம்' என்று ஆரம்பித்து 5.5 பார், 80 பிஎஸ்ஐ, 550 கிலோபாஸ்கல் என்று மூன்று அளவிலும் எழுதினேன். சிறிய திருத்தம் என்று போட்டேனே, அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது. அனுப்பிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அதைப் படித்தாரா என்று தெரியவில்லை. வண்டி ஓட்டுகிறவர் மலைச்சாலையில் மின்னஞ்சல் படிக்க மாட்டார்.

மேப்பில் அந்தச் சாலையைத் திறந்தேன். முந்தின வாரம் விரலால் நகர்த்திப் பார்த்த அதே சாலைதான். ஒன்றின் மேல் ஒன்றாகப் பதினோரு வளைவு. அவர் பங்க்கை விட்டுக் கிளம்பி ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது.

குழுத் தலைவியிடம் சொன்னால் அவரால் எண்ணை எடுக்க முடியும், அந்த நாட்டு ரோட்டோர உதவிப் பிரிவை அழைக்கச் சொல்ல முடியும். சொன்னால் என் வேலை என்ன ஆகும் என்றும் தெரியும். நான் இன்னும் தகுதிகாண் காலத்தில்தான் இருந்தேன். பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தேன் என்பதை இங்கே எழுதிவிட வேண்டும். பஸ் ஓட்டியவர், அவருக்குத் தெரியாதா, நான் சொன்னதைக் கேட்டிருக்க மாட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தெரிந்தவர் ஏன் கேட்டார்? ஏன் நன்றி என்றார்? ஐந்து நட்சத்திரம் ஏன் போட்டார்? தலைவியை அழைத்தேன்.

அவர் கோயம்புத்தூரில் இருக்கிறார். நான் நேரில் பார்த்ததில்லை. வழக்கமாக எங்களிடம் ஆங்கிலத்தில்தான் பேசுவார். நான் சொல்லி முடித்ததும் தமிழில் கேட்டார்.

"என்னங்க இது? மூணரைன்னு எப்படிங்க போட்டீங்க?"

"தெரியலங்க மேம். கை போட்டுடுச்சு."

"எப்பங்க இது?"

"மூணரை மணிக்கு."

"இப்ப அஞ்சரைங்க!"

"ஆமாங்க."

"சரி. லைன்லயே இருக்காதீங்க. உங்க சாட்டப் பாருங்க. நான் கூப்பிடறேன்."

இடைவேளை முடிந்திருந்தது. வேறு வழியில்லாமல் சாட்டுக்குள் போனேன். முதலில் வந்தவருக்குக் கக்கூஸ் தொட்டியைக் கழுவும் திரவம் எங்கே கிடைக்கும் என்று தெரிய வேண்டும். அடுத்தவர், மோட்டார்ஹோமைக் கப்பலில் ஏற்றும்போது கேஸை அணைக்க வேண்டுமா என்றார். எழுதினேன். ஒவ்வொரு பதிலையும் அட்டவணையைத் திறந்து பார்த்து, மூன்று முறை படித்து அனுப்பினேன். பக்கத்து வீட்டில் தறி அடித்துக்கொண்டே இருந்தது. எழுந்துபோய் அந்த வீட்டுக் கதவைத் தட்டி, யாராவது ஒருவரிடம், யாராக இருந்தாலும் பரவாயில்லை, ஒரு ஆளுக்கு டயர் வெடித்திருக்குமோ என்று பயமாக இருக்கிறது என்று சொல்லவேண்டும் போலிருந்தது. அவர்களுக்கு என் முகம் தெரியும். என்ன வேலை செய்கிறேன் என்று தெரியாது. டயர், பார், ஸ்பெயின் என்று எங்கிருந்து ஆரம்பிப்பது? போகவில்லை.

அம்மாவுக்கு போன் செய்தேன். கடைச் சத்தம் கேட்டது. "கஸ்டமர் இருக்காங்கடி, அப்பறம் பேசறேன்," என்று வைத்துவிட்டார்.

ஆறு மணிக்குத் தலைவி ஒரு வரி அனுப்பினார்: 'போன் அணைந்திருக்கிறது.' ஆறரைக்கு: 'மணி அடிக்கிறது, எடுக்கவில்லை.' அதற்கு அப்புறம் ஒன்றும் வரவில்லை. மணி அடித்தால் என்ன அர்த்தம், எடுக்கவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று மாற்றி மாற்றி யோசித்தேன். ஒருவேளை நீச்சலடிக்கப் போயிருக்கலாம். ஒருவேளை போன் மட்டும் சாலையோரத்தில் கிடக்கலாம். அவரைப் பற்றி எனக்கு இத்தனை தெரிந்தும், அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் எனக்கு யார் சொல்வார்கள்? அவரைத் தேடி யாராவது வருவார்களா என்பதுகூடத் தெரியவில்லை. பிள்ளைகள் உண்டா என்று நான் கேட்டதே இல்லை. சூரியகாந்தி பற்றி அவர் சொன்னபோது நான் எழுதியது, 'அருமை! வேறு ஏதாவது உதவி வேண்டுமா?'

ஏழு மணி தாண்டித் தலைவி அழைத்தார்.

"பேசிட்டேங்க. நல்லா இருக்காருங்க."

தறிச் சத்தத்துக்கு ஜன்னலைச் சாத்தினேன்.

"கேக்குதுங்களா? காத்தே எறக்கலயாம் அவரு. அஞ்சரைதான் இருக்குதாம். காலைலயே பாத்துட்டேன்னு சொல்றாருங்க."

"அப்ப ஏன் நன்றின்னு..."

"நானும் கேட்டேன். அந்தப் பொண்ணு வேற ஏதோ அவசரத்துல இருந்துச்சு, தப்புன்னு சொல்லி அது மனசக் கஷ்டப்படுத்த வேண்டாம்னு விட்டுட்டேன்னாருங்க. நல்ல மனுசன். வேற ஒருத்தரா இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்? யோசிச்சுப் பாத்தீங்களா?"

அதைத்தான் இரண்டு மணி நேரமாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

"வேலைய விட்டுத் தூக்க மாட்டாங்க. நீங்களே வந்து சொன்னதால நானும் பேசறேன். ஆனா நாளையிலிருந்து சாட் வேண்டாங்க. மெயில் பிரிவுக்குப் போங்க. அங்க வேகம் தேவையில்ல. இன்னிக்கு முடிக்கறதுக்குள்ள ஒரு அறிக்கை எழுதி அனுப்பிருங்க. தப்பு எப்படி நடந்ததுன்னு ஒரு கட்டம் இருக்கும், அதுல தெளிவா எழுதுங்க."

அறிக்கை எழுதுவதற்காக அவருடைய பழைய சாட்களையெல்லாம் எடுத்தேன். வரிசையாகப் படித்தபோது அதுவரை கண்ணில் படாத ஒன்று பட்டது. முதல் முறை நான் ஐந்து பார் என்பது எழுபத்திரண்டரை பிஎஸ்ஐ என்று எழுதியதும் அவர் எழுதியிருந்தார்: 'எனக்கும் அதேதான் வந்தது.' கிலோபாஸ்கல் சொன்னபோதும் அதே வாக்கியம். தண்ணீர்த் தொட்டிக் கேள்விக்கு, 'நானும் அப்படித்தான் நினைத்தேன்.' எல்லாவற்றையும் அவர் முன்பே கணக்குப் போட்டுவிட்டுத்தான் கேட்டிருக்கிறார். ஒரு வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளை ஏற்றி பஸ் ஓட்டியவருக்கு டயரில் எவ்வளவு காற்று என்று என்னைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் என்ன இருக்கிறது? ரொட்டிக் கடை திறக்க ஐந்து மணி ஆகும். அதுவரை ஏதாவது கேட்க வேண்டும். கேட்பதற்கு ஒரு காரணமும் வேண்டும்.

அன்றைய சாட்டையும் திறந்தேன். பதிவில் நொடிக்கணக்கு இருக்கும். அவர் கேள்வி வந்து நான்காவது நொடியில் என் பதில் போயிருந்தது. நான் பதில் போட்ட அந்த நொடியில் அவர் பக்கத்தில் 'எழுதிக்கொண்டிருக்கிறார்' என்று பதிவாகியிருந்தது. கேள்விக்குக் கீழே வேறு எதையோ எழுத ஆரம்பித்திருக்கிறார். என் 3.5 போய் விழுந்ததும் நின்றுவிட்டது. பதினெட்டு நொடி ஒன்றும் இல்லை. அதற்கப்புறம்தான் அந்த 'நன்றி.'

அந்த வரி என்னவாக இருந்திருக்கும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மலையைப் பற்றியோ, வெயிலைப் பற்றியோ, அன்று நிறுத்தப் போகிற இடத்தைப் பற்றியோ ஏதாவது இருக்கலாம். மெயில் போட்டு அதைக் கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. சாட்டுக்கு வந்தால் இனி வேறு யாராவது பதில் சொல்வார்கள்.

அறிக்கையில் தவறின் காரணம் என்ற கட்டத்தில் முதலில் 'அலகுக் குழப்பம்' என்று எழுதினேன். பிறகு அதை அழித்துவிட்டு, எங்கள் ஊரில் வெயிலுக்கு இரண்டு பிஎஸ்ஐ குறைக்கும் பழக்கம் உண்டு, அதை யோசிக்காமல் பார் எண்ணில் கழித்துவிட்டேன், பாரம் ஏற்றிய வண்டிக்கு அப்படிக் குறைப்பதே தவறு என்பதும் எனக்குத் தெரியாது என்று எழுதினேன். அதற்குக் கீழே இன்னொரு வரி சேர்த்தேன்: 'வாடிக்கையாளர் எழுதி முடிப்பதற்குள் பதில் அனுப்பிவிட்டேன்.' கட்டத்தில் இன்னும் இடம் இருந்தது. வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அனுப்பிவிட்டேன்.

ஒன்பதரைக்கு அம்மா வந்தார். கால் வலி. சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்தேன்.

"சாயங்காலம் போன் பண்ணியே, இன்னா?"

"ஒண்ணும் இல்லமா. ஒருத்தருக்குத் தப்பா சொல்லிட்டேன். அப்பறம் சரியாயிடுச்சு."

"கடையிலயும் அப்டிதான். நேத்து ஒரு பொண்ணு பார்டர மாத்திக் காட்டிட்டு அழுதுக்கினு நின்னுது," என்றார் அம்மா, காலைத் தண்ணீரில் வைத்தபடி. கண் பாதி மூடியிருந்தது. அவரிடம் ஸ்பெயினைப் பற்றி ஆரம்பிக்க மனசு வரவில்லை.

அடுத்த நாள் மெயில் பிரிவு. யாரும் எழுதிக்கொண்டிருப்பது தெரியாத இடம். அவர்கள் என்றோ எழுதிவிட்டுப் போன கேள்விக்கு நாம் நிதானமாகப் பதில் எழுதலாம். முதல் மின்னஞ்சல் டென்மார்க்கில் வண்டி எடுத்த ஒரு பெண்ணுடையது. முன் டயர் ஐந்து பார் என்று போட்டிருக்கிறது, என்னிடம் பிஎஸ்ஐ கேஜ்தான் இருக்கிறது என்று கேட்டிருந்தார். அட்டவணையைத் திறந்து பார்த்து, 72.5 பிஎஸ்ஐ, 500 கிலோபாஸ்கல், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்கவும் என்று எழுதினேன். 'வேறு ஏதாவது உதவி வேண்டுமா?' என்று கம்பெனி கொடுத்த முடிவு வரியை எடுத்துவிட்டு, எந்தப் பக்கம் போகிறீர்கள், அங்கே வெயில் எப்படி என்று கேட்டு அனுப்பினேன்.

அன்றைக்குப் பதில் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. காற்று பிடித்துக்கொண்டு கிளம்பியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.